அஞ்சு ரோடா, ஓசூர் ரோடா? ஏடிஹெச்டி சந்தேகம் வந்த பெரியவர் எங்கே போவது

ஆத்தூரில் இருக்கும் சித்தி மகன் போன மாதம் ஒரு நாள் இரவு பதினொன்றரை மணிக்கு போன் செய்தான். "அண்ணா, உனக்கு இருக்கற அது எனக்கும் இருக்குமோன்னு தோணுது. எங்க போய்ப் பாக்கறது?"

'அது' என்றால் ஏடிஹெச்டி. தமிழில் கவனக்குறைவு, மிகை இயக்கம் என்றெல்லாம் நீட்டி எழுதுவார்கள். எங்கள் வீட்டில் 'அது' தான். எனக்கு 39 வயதில் உறுதி செய்தார்கள், இரண்டு வருடம் ஆகிறது. அவனுக்கு 31. அன்றைக்குப் போனில் நான் பேசியது எனக்கே புரியவில்லை. ஒன்றை ஆரம்பித்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டிருந்தேன். அதனால் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். சேலத்தைச் சுற்றி இருப்பவருக்கு என்னென்ன வழி இருக்கிறது, எது யாருக்குச் சரிப்படும் என்று.

நான் ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட் ஆபீசில் கணக்குப் பார்க்கிறேன். வீடு கன்னங்குறிச்சி. தினமும் பைக்கில் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குகிறேன். பனி மூடினாலும் சரி, எதிரே லாரி வந்தாலும் சரி, அந்த வளைவுகளில் ஒரு நாளும் எனக்குக் கவனம் பிசகியதில்லை. கீழே இறங்கி நேர் ரோட்டுக்கு வந்ததும்தான் பிசகும். வீட்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டி அஸ்தம்பட்டி வரை போய்விட்டு, எதற்கு இங்கே வந்தேன் என்று நின்றிருக்கிறேன். ஆபீசிலும் அதே கதை. அறுவடை நேரத்தில் நூறு பேருக்குக் கூலி கணக்குப் போட்டு ஒரே மூச்சில் முடிப்பேன். ஆனால் ஒரு தடவை ஜிஎஸ்டி ரிட்டர்ன் எல்லாம் தயாராகி, கடைசியாக ஒரு பட்டனை அழுத்துவது மட்டும் பாக்கி இருந்தது. பதினோரு நாள் அப்படியே கிடந்தது. தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய். பணம் போனது கூடப் பரவாயில்லை. பதினோரு நாளும் அது ஞாபகத்தில் இருந்தது, இருந்தும் கை போகவில்லை. முதலாளிக்கு இதை எப்படி விளக்குவது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எந்த வழியில் போனாலும் நடக்கப் போவது ஒன்றுதான்: பேச்சு. ஏடிஹெச்டியைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேனும் கிடையாது. தலையில் கம்பி ஒட்டி 'பிரெயின் மேப்பிங்' எடுத்தால்தான் தெரியும் என்று யாராவது சொன்னால் பர்ஸைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். தைராய்டு, ரத்தசோகை மாதிரியானவற்றுக்கு ரத்தம் எடுக்கச் சொல்வது வேறு விஷயம். அவையும் கவனத்தைக் கெடுக்கும் என்பதால், அவை இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான் எடுக்கிறார்கள். குறட்டையோடு மூச்சு அடைக்கும் தூக்கக் கோளாறு, மனச்சோர்வு, பதற்றம், குடி எல்லாமே வெளியிலிருந்து பார்க்க ஏடிஹெச்டி மாதிரிதான் இருக்கும். அவற்றையும் கேட்பார்கள்.

டாக்டர்கள் கையில் வைத்திருக்கும் அளவுகோல் பெரும்பாலும் மனநலக் கோளாறுகளை வரையறுக்கும் டிஎஸ்எம் 5 என்ற கையேடு. 2013இல் வந்தது. கவனக்குறைவுக்கு ஒன்பது அறிகுறி, துறுதுறுப்பு, அவசரப்படுதலுக்கு ஒன்பது. 17 வயதும் அதற்கு மேலும் ஆனவருக்கு இந்த இரண்டு பட்டியலில் ஒன்றிலாவது ஐந்து பொருந்த வேண்டும், குறைந்தது ஆறு மாதமாக இருக்க வேண்டும். வேலையில் மட்டும், வீட்டில் மட்டும் என்றால் போதாது, இரண்டு இடத்திலாவது தொல்லை தெரிய வேண்டும். முக்கியமாக, பன்னிரண்டு வயதுக்கு முன்பே சில அறிகுறிகளாவது இருந்திருக்க வேண்டும். இதற்கு முந்தைய பதிப்பில் ஏழு வயது என்று இருந்தது, பெரியவர்களுக்கும் ஆறு அறிகுறி கேட்டார்கள். அந்தக் காலத்தில் படித்துவிட்டு வந்த சிலர் இன்னும் 'அது குழந்தைகளுக்கு வருவது' என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்தப் பன்னிரண்டு வயது விதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். போன வருடம் ரீல்ஸ் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் கவனம் போகிறது என்றால் அது ஏடிஹெச்டி இல்லை, போன். இணையத்தில் இருக்கும் ஏஎஸ்ஆர்எஸ் என்ற ஆறு கேள்விப் பட்டியல் உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கியது, நல்ல பட்டியல்தான். ஆனால் அது சல்லடை மட்டுமே. அதில் தங்கினவர் எல்லாருக்கும் ஏடிஹெச்டி என்று அர்த்தமில்லை. போட்டுப் பாருங்கள், விடையை எடுத்துக்கொண்டு போங்கள். அதோடு அதன் வேலை முடிந்தது.

இனி வழிகள்.

பணம் இடிக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. எங்களுக்கு அது 'பெரியாஸ்பத்திரி'. மனநலப் பிரிவு இருக்கிறது, ரத்தப் பரிசோதனை அதே வளாகத்தில், காசு கிடையாது. புறநோயாளிகள் பிரிவு என்றால் காலையிலேயே போக வேண்டும், கூட்டம் இருக்கும், அது தமிழ்நாடு முழுக்க உள்ள கதை. ஏடிஹெச்டிக்குத் தேவையான ஒரே பொருள் டாக்டரின் நேரம். கூட்டத்தில் அதுதான் குறையும். ஒரே நாளில் முடியும் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம். மூன்று, நான்கு தடவை போக வேண்டியிருக்கும் என்று மனதைத் தயார் செய்துகொண்டு போனால் நடக்கும். ஒரு யோசனை: சொல்ல வேண்டியதை ஒரே பக்கத்தில் எழுதி எடுத்துப் போங்கள். எங்களைப் போன்றவர்கள் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் முக்கியமானதை விட்டுவிட்டு பைக் சாவி தொலைந்த கதையைச் சொல்லிக்கொண்டிருப்போம்.

தினக்கூலிக்குப் போகிறவருக்கு இந்த மூன்று, நான்கு காலைப்பொழுது என்பது மூன்று, நான்கு நாள் சம்பளம். இலவசம் என்று சொல்லும்போது அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தனியார் மனநல மருத்துவர்கள் அஞ்சு ரோடு, ஃபேர்லேண்ட்ஸ், அஸ்தம்பட்டி பக்கம் மாலை நேரத்தில் உட்காருகிறார்கள். வேலையை விடாமல் போகலாம், அது பெரிய வசதி. ஆனால் இங்கே ஆளுக்கு ஆள் வித்தியாசம் அதிகம். நான் முதலில் போன டாக்டர் (பெயர் வேண்டாம்) என்னைப் பார்த்தது ஏழு நிமிடம் இருக்கும். "கல்யாணம் ஆயிடுச்சு, வேலை பாக்கறீங்க, அப்புறம் என்னங்க? டென்ஷன்தான்," என்று தூக்க மாத்திரை எழுதினார். தூங்கினேன். எழுந்ததும் எல்லாம் அப்படியே இருந்தது. அதோடு ஒரு வருடம் இந்தப் பேச்சையே விட்டுவிட்டேன். அந்த ஒரு வருடம் நான் விட்டிருக்கக் கூடாதது.

இரண்டாவதாகப் போன இடத்தில் முதலில் போன் செய்து இரண்டே கேள்வி கேட்டேன். பெரியவர்களுக்கு ஏடிஹெச்டி பார்ப்பாரா, முதல் தடவை எவ்வளவு நேரம் ஒதுக்குவார். வரவேற்பில் இருந்த பெண் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, "பாப்பாருங்க. கடைசி டோக்கனா வாங்க, அப்பதான் பேச முடியும். சின்ன வயசுல உங்களைப் பாத்தவங்க யாராச்சும் கூட வரட்டும்னாரு," என்றார். அந்தப் பதிலைக் கேட்டதும் பாதி நிம்மதி. உங்களுக்கும் அதே இரண்டு கேள்வியைத்தான் சிபாரிசு செய்வேன். பலகையில் இருக்கும் பட்டங்களை விட அது அதிகம் சொல்லும்.

அம்மாவை அழைத்துப் போனேன். அம்மாவுக்கு ஏடிஹெச்டி என்ற வார்த்தை தெரியாது. 'ஞாபக மறதிக்கு' என்று சொல்லித்தான் கூட்டிப் போனேன். டாக்டர் அம்மா பக்கம் திரும்பி, "பையன் சின்ன வயசுல எப்படிங்கம்மா?" என்றார்.

"இவனா?" என்று அம்மா ஆரம்பித்தார். "நோட்டுல முதல் ரெண்டு பக்கம் முத்து முத்தா எழுதுவான். மூணாவது பக்கத்துல படம் வரைஞ்சிருப்பான். எல்லா நோட்டும் அப்படித்தான். டிபன் பாக்ஸு ஒரு வருஷத்துல அஞ்சு தொலைச்சான். அதுக்கப்புறம் இலையில கட்டித்தான் அனுப்பினேன், தொலைஞ்சா தொலையட்டும்னு."

இலையில் சாப்பாடு கட்டிக் கொண்டுபோனது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வசதி இல்லாததால் என்றுதான் அன்று வரை நினைத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பழைய ரேங்க் கார்டு ஒன்றும் கிடைத்தது, ஐந்தாம் வகுப்பு. ஆசிரியர் குறிப்பில் 'கெட்டிக்காரன், கவனம் இல்லை' என்று இருந்தது. நானே என்னைப் பற்றி நாற்பது நிமிடம் பேசியதை விட இந்த இரண்டும் அதிக வேலை செய்தன. இரண்டு மாலை, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டுக்கும் சேர்த்து 1,400 ரூபாய், ரத்தப் பரிசோதனை தனி. இது ஒருவர் கட்டிய தொகை மட்டுமே, சேலத்தின் விலைப்பட்டியல் இல்லை.

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதாவது மருத்துவ உளவியலாளர், மூன்றாவது வழி. இவர்கள் மருந்து எழுத முடியாது. ஆனால் நேரம் தருவார்கள். நெதர்லாந்தில் உருவான டிவா என்ற கேள்வித் தொகுப்பு இருக்கிறது, ஒவ்வொரு அறிகுறியையும் இப்போது எப்படி, சிறுவயதில் எப்படி என்று உதாரணத்தோடு கேட்டுக்கொண்டே போகும். அதை முறையாகச் செய்து அறிக்கையாக எழுதிக் கொடுத்தால், எந்த ஊர் டாக்டரிடம் போனாலும் மறுபடி முதலிலிருந்து கதை சொல்ல வேண்டாம். இங்கே ஒரு எச்சரிக்கை. ஆறு மாத டிப்ளமோ முடித்தவரும் போர்டில் 'சைக்காலஜிஸ்ட்' என்றுதான் போட்டுக்கொள்கிறார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் குழுமமான ஆர்சிஐயில் பதிவு எண் இருக்கும். கேட்டு வாங்கிப் பாருங்கள், கேட்பதில் தவறே இல்லை. ஐக்யூ பரிசோதனையையும் சேர்த்து ஒரு பெரிய தொகை சொன்னால், அது எதற்கு என்று கேளுங்கள். பெரியவருக்கு ஏடிஹெச்டி உறுதி செய்ய ஐக்யூ கட்டாயம் இல்லை.

மருந்து வேண்டாம், என்ன பிரச்சினை என்று தெரிந்தால் போதும், பழக்கங்களை மாற்றிக்கொள்கிறேன் என்பவருக்கு இந்த வழி நேராகவே பொருந்தும். மற்றவர்கள் டாக்டர் கேட்டால் போனால் போதும்.

அடுத்தது பெங்களூர். சேலத்துக்காரனுக்கு எந்த வியாதியும் ஒரு படி பெரிதாகத் தெரிந்தால் உடனே பஸ் ஏறத் தோன்றும். தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் அங்கே ஓசூர் ரோட்டில்தான் இருக்கிறது, நம் ஊர் பஸ்ஸும் அந்த வழியாகத்தான் பெங்களூருக்குள் நுழைகிறது. சுமார் 200 கிலோமீட்டர். வேலூர் சிஎம்சிக்குப் போவதென்றால் காட்பாடிக்கு நேர் ரயில், மனநலப் பிரிவு ஊருக்குள் இல்லை, பாகாயத்தில் தனியாக இருக்கிறது. இரண்டும் நாடறிந்த இடங்கள், அங்கே கிடைக்கும் நிதானமான ஆய்வைப் பற்றி எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் பெங்களூர் போகிறவர்களில் பாதிப்பேர் போவது நிபுணருக்காக இல்லை என்பது என் அனுமானம். யார் கண்ணிலும் படக் கூடாது என்பதற்காகத்தான். சேலம் பெயருக்குத்தான் மாநகராட்சி. மனநல கிளினிக் பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் செவ்வாய்ப்பேட்டை, குகை என்று ஏதாவது ஒரு பகுதியிலிருந்து உங்களைத் தெரிந்த ஒருவர் கட்டாயம் வருவார். எனக்கும் வந்தார், எங்களிடம் காப்பிக்கொட்டை வாங்கும் வியாபாரி. இருவரும் ஒரே நேரத்தில் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டோம். 2017ஆம் வருடத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் நம் விவரங்களை ரகசியமாக வைக்க வேண்டும் என்று மருத்துவர்களைக் கட்டுப்படுத்துகிறது. பக்கத்து பெஞ்சுக்காரரைக் கட்டுப்படுத்த சட்டம் இல்லை. கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கும் பையனுக்கு, அதை விட அதிகமாக மாப்பிள்ளை பார்க்கும் வீட்டுப் பெண்ணுக்கு, இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஓடி ஆடாமல், ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளையை 'சாது' என்று சொல்லி விட்டுவிடுவார்கள். முப்பது வயதில் தானாகச் சந்தேகம் வந்து எழும்போது கூட வர ஆளும் இருக்காது. அப்படிப்பட்டவருக்குப் பெங்களூரில் வேலை பார்க்கும் தோழி வீடு இருந்தால், ஓசூர் ரோடு சரியான முடிவாகவே இருக்கலாம்.

முன்பு வலிப்பு வந்திருக்கிறது, மனநிலை உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் போய் வரும் பைபோலார் சந்தேகம் இருக்கிறது, இங்கே இரண்டு டாக்டர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள் என்றாலும் அங்கே போங்கள். மற்றவர்களுக்கு நான் சொல்வது வேறு. காரணம் மருந்து.

இதை யாரும் முதலில் சொல்வதில்லை. ஏடிஹெச்டிக்கு இங்கே அதிகம் எழுதப்படும் மருந்துகள் இரண்டு. ஒன்று மெத்தில்ஃபெனிடேட். போட்ட ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யத் தொடங்கும். அது 1985ஆம் வருடத்து போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது, மருந்து விதிகளில் அட்டவணை எக்ஸிலும் இருக்கிறது. அதனால் சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் வாங்கி இரண்டு வருடம் பத்திரப்படுத்த வேண்டும். கடைக்கும் தனி உரிமம். ஆகவே எல்லாக் கடையிலும் இருக்காது. நான் மூன்று கடை ஏறி இறங்கினேன். ஒருவர் மாத்திரை பெயரைக் கேட்டதும் என்னை மேலும் கீழும் பார்த்தார். கடைசியில் டாக்டரே கடையைச் சொன்னார். மற்றது அட்டாமாக்ஸிடின். அதற்கு இந்தக் கெடுபிடி இல்லை, ஆனால் முழுப் பலன் தெரிய சில வாரம் பிடிக்கும். இரண்டுக்கும் ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் பார்த்துக்கொண்டே அளவை ஏற்றுவார்கள்.

அதாவது முதல் மூன்று, நான்கு மாதம் டாக்டரை அடிக்கடி பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் சீட்டுக்காகவாவது போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் 200 கிலோமீட்டர் போய்வருவது, வரிசையாகக் காரியங்களைச் செய்து முடிக்க முடியாததுதான் நோய் என்று போகிறவருக்கு நடக்குமா? இரண்டாவது மாதத்தில் டிக்கெட் போட மறப்போம், மூன்றாவது மாதம் மருந்து நின்றிருக்கும். பெங்களூரில் ஆய்வை முடித்துக்கொண்டு, அறிக்கையோடு சேலத்து டாக்டரிடம் தொடர்வது நல்ல ஏற்பாடு. போகும் முன்பே இங்கே ஒருவரைப் பேசி வைத்துக்கொண்டால்.

ஆன்லைன் டாக்டர்? மலை மேல் இருக்கும் எங்களுக்கு இது கவர்ச்சியாகத் தெரியும், கீழே இறங்கவே வேண்டாம். மார்ச் 2020இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளின்படி, அட்டவணை எக்ஸ் மருந்துகளையும் போதைப்பொருள் சட்டப் பட்டியலில் உள்ளவற்றையும் வீடியோவில் பார்த்து எழுதக் கூடாது. எனவே மெத்தில்ஃபெனிடேட் அந்த வழியில் வராது. யாராவது எழுதிக் கொடுத்தால் நீங்கள்தான் உஷாராக வேண்டும். அட்டாமாக்ஸிடின் எழுதலாம், கேள்வி கேட்டு ஆராயலாம், இரண்டாவது கருத்துக்கும் உதவும். நான் ஒரு தடவை எஸ்டேட் ஆபீசிலிருந்து முயன்றேன். மழை வந்தது, சிக்னல் போனது, டாக்டர் முகம் உறைந்து நின்றது. அவர் கேட்ட கேள்விக்கு நான் ஏற்கெனவே பதில் சொல்லி முடித்திருந்தேன்.

பணம் கொடுக்கும் முன் யாரிடமாவது பேச வேண்டும் போல இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், 14416. அக்டோபர் 2022இலிருந்து இருக்கிறது, இலவசம், இருபத்துநான்கு மணி நேரமும், தமிழிலேயே பேசலாம். ஏடிஹெச்டி இருக்கிறதா என்று அவர்கள் முடிவு சொல்ல மாட்டார்கள். ஆனால் எங்கே போவது என்று கேட்கலாம். தூக்கமில்லாமல், எல்லாம் கைவிட்டுப் போகிறது என்று தோன்றும் இரவுகளுக்கும் அந்த எண்.

பிறகு நிதானமாகத் தம்பிக்கு நான் சொன்னது இதுதான். மாதச் சம்பளக்காரன், வேறு நோய் எதுவும் இல்லை, ஆத்தூரிலிருந்து சேலம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். சேலத்திலேயே, மாலை நேர டாக்டர், போனில் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு. காசு கட்டுப்படியாகவில்லை என்றால் பெரியாஸ்பத்திரி, எழுதிய ஒரு பக்கத்தோடு. பெங்களூரைக் கடைசிக்கு வைத்துக்கொள். சித்தியை அழைத்து வா.

அங்கேதான் சிக்கியது. "அம்மா வரமாட்டாங்கண்ணா. பைத்தியக்கார டாக்டர்கிட்ட நான் எதுக்குடா வரணும்னு கேக்கறாங்க. உனக்கு ஒரு குறையும் இல்லன்னு அழுகை வேற." சித்தியைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? அம்மாதான் வர வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. சிறுவயதில் கூட இருந்தவர் யாராக இருந்தாலும் சரி: அக்கா, மாமா, பக்கத்து வீட்டுக்காரர், ஒன்றும் இல்லாவிட்டால் பழைய ரேங்க் கார்டு. அவனுக்கு ராசிபுரத்தில் அக்கா இருக்கிறாள், எட்டு வயது மூத்தவள், அவனைத் தூக்கி வளர்த்தவள். போன் போட்டேன். பாதி சொல்லும்போதே, "தெரியும்ணா. அவனை நாலாவது வரைக்கும் நான்தான் ஸ்கூலுக்குக் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனேன், வழியில எறும்பு பாத்துட்டு நின்னுக்குவான்," என்றாள்.

வரும் சனிக்கிழமை கடைசி டோக்கன். இவன் ஆத்தூர் பஸ், அவள் ராசிபுரம் பஸ். புது பஸ் ஸ்டாண்டில் எந்த இடத்தில், எத்தனை மணிக்கு நிற்பது என்று அவளே முடிவு செய்து, அவனுக்கு ஒரு மெசேஜ், அவன் மறந்தால் ஞாபகப்படுத்த எனக்கு ஒரு மெசேஜ் போட்டிருக்கிறாள். எனக்கு ஞாபகப்படுத்த என் மனைவிக்கும் ஒன்று.